மலையகத்தில் கோடைத் தொடக்கத் தூண்டில் மீன்பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே, ஜூன் மாதங்களில் இலங்கையின் மலையக நீர்நிலைகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட விரும்புவோரும், அதே காலத்தில் மலையிலிருந்து கடலுக்கு இறங்க நினைப்போரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்படுகின்றன. வலை போட்டுத் தொழில் செய்வோருக்கான விதிகளும் தேவைகளும் வேறு என்பதால் அவை இதில் சேர்க்கப்படவில்லை.

மே, ஜூன் மாதங்கள் மலையகத்தில் தூண்டில் போட ஏற்ற காலமா?

எந்தச் சரிவில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். தென்மேல் பருவக்காற்று மே மாதப் பிற்பகுதியில் வலுப்பெறும்போது, கினிகத்தேனை, வட்டவளை, நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா ஆகிய மேற்குச் சரிவுப் பகுதிகள் மேகத்தை நேருக்கு நேர் ஏற்கின்றன. வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தாண்டுவதும், அதில் பெரும்பங்கு இந்தப் பருவத்தில் கொட்டுவதும் அங்குள்ளோர் அறிந்ததே. அதே நாட்களில் மத்திய மலைத்தொடரைக் கடந்து இறங்கும் காற்று ஈரத்தை இழந்து வறண்டுவிடுவதால், வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் வெயிலும் கச்சான் எனப்படும் அந்த வறண்ட காற்றுமாக இருக்கும். ஹட்டனில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறியவர் பண்டாரவளையில் புழுதியில் இறங்குவார். ஆகவே நாட்காட்டியைப் பார்த்து நாள் குறிப்பதைவிட, சரிவையும் நீரின் நிறத்தையும் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்வதே சரியான முறை.

ஏப்ரல் மழைக்கும் மே இறுதியில் தொடங்கும் மழைக்கும் மீனைப் பொறுத்தவரை வேறுபாடு உண்டா?

உண்டு. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் மே மாத முற்பகுதியிலும் பெய்வது இடைப்பருவ மழை. காலையில் வானம் தெளிந்திருக்கும். பிற்பகலில் இடி மின்னலுடன் கொட்டி, மாலைக்குள் ஓய்ந்துவிடும். ஓடை ஒரே மணித்தியாலத்தில் செம்மண் நிறமாகி, மறுநாள் காலை மீண்டும் தெளியும். பருவமழையோ நாட்கணக்கில் இடைவிடாது பெய்யும்; தண்ணீர் குளிர்ந்து, காற்றில் அலை எழுந்து, கலங்கல் நீங்க ஒரு வாரம்கூட ஆகலாம். முதல் வகையில் காலை நேரம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். இரண்டாவது வகையில் மழை சற்று விட்டுக் கொடுக்கும் இடைவெளிகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

இடைப்பருவத்தில் மின்னலை அலட்சியம் செய்யாதீர்கள். கார்பன் இழைத் தூண்டில் கம்புகள் மின்சாரத்தைக் கடத்துபவை. இடி முழக்கம் காதில் விழுந்தவுடன் கம்பைக் கீழே வைத்துவிட்டுத் திறந்த கரையைவிட்டு அகன்று, கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ சென்றுவிடுங்கள். தனித்து நிற்கும் மரத்தடி புகலிடம் ஆகாது.

காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் ஏறத் தொடங்கும்போது மீன் எங்கே நிற்கும்?

மேற்குச் சரிவுக் கோடைத் தொடக்கத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்து 1965இல் கட்டப்பட்ட காசல்ரீயும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் கட்டப்பட்ட மவுஸ்ஸாக்கலையும் மின் உற்பத்திக்காக அமைந்தவை. ஆண்டின் முதல் மாதங்களில் மழை குறைந்து, மின் உற்பத்திக்கு நீர் எடுக்கப்படும்போது மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மிகவும் வறண்ட ஆண்டுகளில் மவுஸ்ஸாக்கலையின் அடியில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் வெளியே தெரிவதும், மக்கள் அவற்றைப் பார்க்கத் திரள்வதும் உண்டு. நீர் பின்வாங்கிய கரையெங்கும் செம்மண் வெடித்துக் கிடக்கும். ஓரிரு மழை பெய்ததும் அதில் புல்லும் களையும் முளைத்துவிடும்.

மே இறுதியில் ஓயாக்கள் பெருகி நீர்மட்டம் ஏறும்போது, அந்தப் புதுப்புல் வெளி மெல்ல மூழ்குகிறது. மண்புழுக்கள் மேலே வருகின்றன. எறும்பும் பூச்சியும் புல்நுனிகளில் ஏறித் தப்பப் பார்க்கின்றன. கெண்டையும் திலாப்பியாவும் இரையைத் தேடி முழங்கால் ஆழத்துக்குக்கூட வந்துவிடும். அதிகாலையில் கரையில் அசையாமல் நின்று பார்த்தால், மூழ்கிய புல்லின் நுனிகள் காற்றில்லாமலே ஆடுவதையும், வேருக்கடியில் மண் புகைபோல் கிளம்புவதையும் காணலாம். வாயால் சேற்றைக் கிளறி இரை தேடும் கெண்டையின் அடையாளம் அது. சாதாரண கெண்டை தன் முட்டைகளை நீரில் மூழ்கிய செடிகளில் ஒட்டி இடுவதும் இத்தகைய புது நீரோரங்களில்தான்.

கம்பை எடுத்தவுடன் நடு நீருக்கு வீசுவதே பலரின் பழக்கம். நீர்மட்டம் ஏறும் நாட்களில் மீன் உங்கள் காலடிக்கு அருகில் இருக்கிறது என்பதை மனதில் வைத்து, கரையிலிருந்து சில மீற்றர் பின்னால் நின்று, ஓரத்திலேயே முதலில் இரையை இறக்கிப் பாருங்கள். நடமாடும் காலடி அதிர்வு மண் வழியே நீருக்குள் போகும் என்பதால், சிறுவர்களுடன் செல்வோர் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

மாறாக, நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் நாட்களில் மீன் ஓரத்தை விட்டு விலகி, பழைய ஆற்றுப்படுகையின் ஆழத்தை நோக்கிப் போய்விடும். வெளிப்பட்டுள்ள சேற்றுக் கரையும் ஆபத்தானது. மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் உள்ளே இடுப்பளவு இளகிய சேறு இருக்கக்கூடும். கையில் ஒரு கம்பை வைத்துக் குத்திப் பார்க்காமல் அதில் இறங்கவே கூடாது.

தண்ணீர் முழுவதும் கலங்கியிருந்தால் திரும்பிவிட வேண்டுமா?

உடனே திரும்ப வேண்டியதில்லை. நீர்த்தேக்கத்துக்குள் ஓடை வந்து விழும் இடத்தில், கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோடு ஒன்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அடித்துவரப்படும் இரைக்காக மீன் அந்தக் கோட்டின் தெளிந்த பக்கத்தில் காத்திருக்கும். இந்த நிலையில் பார்வையால் இரையைக் கண்டுபிடிக்கும் மீனைவிட, மணத்தால் கண்டுபிடிக்கும் கெளுத்தியும் கெண்டையும் சிறப்பாகக் கடிக்கும் என்பதால், மின்னும் போலி இரைகளை விட்டு மண்புழுவுக்கு மாறுங்கள். ஆனால் ஓடையே செங்குழம்பாகி மரக்கிளைகளை இழுத்து வருமானால், அது திரும்ப வேண்டிய நேரம்தான்.

இங்கே எந்தெந்த மீன்கள் கிடைக்கும்?

இலங்கைக்கு 1952இல் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று ஏறக்குறைய எல்லா நீர்த்தேக்கங்களிலும் உண்டு. சாதாரண கெண்டையும், வளர்ப்புக்காக விடப்பட்ட ரோகு, கட்லா போன்ற இந்தியக் கெண்டைகளும், விராலும், கெளுத்தியும், விலாங்கும் இடத்துக்கு இடம் கூடியும் குறைந்தும் கிடைக்கும். கொத்மலையிலிருந்து கீழே மகாவலி வழியே விக்டோரியா, ரந்தெனிகல வரை செல்வோர், சிங்களத்தில் லெஹெல்லா எனப்படும் மாசீர் என்ற பெருங்கெண்டையையும் சந்திக்கலாம். வேகமான நீரில் பாறைகளுக்கிடையே வாழும் இந்த மீன் தூண்டிலில் விழுந்தால் நூலை இழுத்துக்கொண்டு பாறைக்கடியில் புகப் பார்க்கும்.

மகாவலியின் மேல்பகுதிகளில் மட்டுமே வாழும் மலை லேபியோ என்ற மீன் இனம் அழியும் ஆபத்தில் உள்ளது. பாறையில் பாசி மேயும், கருமை கலந்த பச்சை நிற மீன் ஏதாவது தற்செயலாக அகப்பட்டால், அதை நீரிலிருந்து முழுவதும் தூக்காமலே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். பிடிபட்ட மீன் எந்த இனம் என்று உறுதியாகத் தெரியாதபோதும் இதையே செய்யுங்கள்.

திலாப்பியா எப்போதும் உள்ளங்கை அளவுக்குத்தான் அகப்படுகிறது. ஏன்?

திலாப்பியா நெருக்கமாகப் பெருகும் இடத்தில் உடல் வளருமுன்பே முதிர்ந்து இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். வெப்பநீர் மீனான அதற்கு மலையின் குளிர்ந்த நீரில் வளர்ச்சியும் மந்தமாகவே இருக்கும். ஆழமற்ற ஓரங்களில் தட்டு வடிவில் காணப்படும் குழிகள் ஆண் மீன்கள் தோண்டியவை. அங்கே சிறு மீன்கள் கூட்டமாக இருக்கும். பெரிய மீன் வேண்டுமென்றால் அந்தக் குழிகளிலிருந்து விலகி, சற்று ஆழம் கூடிய பாறை ஓரங்களிலும் மூழ்கிய மரக்குற்றிகளின் அருகிலும் முயலுங்கள்.

பெண் மீன் முட்டையையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். பிடித்த மீனின் வாயிலிருந்து கடுகளவு குஞ்சுகள் சிந்துவதைக் கண்டால் பதறாமல், தாயையும் குஞ்சுகளையும் அதே இடத்தில் நீரில் விடுங்கள். ஒரு நீர்நிலையில் பிடித்த மீனை உயிரோடு கொண்டுபோய் வேறு ஓடையிலோ குளத்திலோ விடுவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். மலை ஓடைகளின் சொந்த மீன்களுக்கு அது பெருங்கேடு.

நுவரெலியாவில் ட்ரவுட் பிடிக்கலாமா?

ஆங்கிலேயர் 1880களில் பழுப்பு ட்ரவுட்டையும் பின்னர் வானவில் ட்ரவுட்டையும் இங்குள்ள குளிர் ஓடைகளில் விட்டனர். நிலைத்து நின்றது வானவில் ட்ரவுட்தான். 20 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் போகாத, உயிர்வளி நிறைந்த ஓடுநீர் அதற்குத் தேவை. மிக உயரத்தில் உள்ள ஓடைகளில்தான் அது ஆண்டு முழுவதும் வாய்க்கிறது. அத்தகைய ஓடைகளில் பல ஹோட்டன் சமவெளிக்குள் உள்ளன. 1988 முதல் அது தேசியப் பூங்கா. 2010இல் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி கையில் இல்லாமல் அங்கே தூண்டில் கொண்டுசெல்லக் கூடாது.

ட்ரவுட் அந்நிய மீன். உள்ளூர்ச் சிற்றுயிர்களை உண்டு வாழ்கிறது. அதற்காகப் பூங்காவுக்குள் விதிகளை மீறுவது நியாயமாகிவிடாது. நுவரெலியா நகரில் உள்ள கிரகரி வாவியில் தூண்டில் போட நினைப்போர், வாவி நிர்வாகத்திடம் அன்றைய நடைமுறையைக் கேட்டறிந்த பின்பே கம்பைப் பிரிக்க வேண்டும். ஏப்ரல் வசந்தகாலக் கூட்டம் கலைந்த பிறகு, மே மாத வாரநாட்களில் அந்தக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும்.

எந்த நேரம் நல்லது?

மேற்குச் சரிவில் விடியலிலிருந்து காலை 9 மணி வரை. அதன்பின் காற்று எழும். கிழக்குச் சரிவில் கச்சான் பலமாக வீசும் நாட்களில் விடியலும் அந்தி சாயும் நேரமும் மட்டுமே பயன்படும். மழைமூட்டம் சூழ்ந்து, தூறல் மட்டும் விழும் நாளில் நேரக் கணக்கு தேவையில்லை. பகல் முழுவதும் மீன் மேயும். மவுஸ்ஸாக்கலைக்குப் போவோருக்கு இன்னொரு வசதி, வெசாக் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் முடிவதால் நல்லதண்ணிப் பாதையில் நெரிசல் குறைந்துவிடும். பௌத்தர்களின் புனித நாட்களான வெசாக், பொசன் ஆகியவற்றில் தூண்டிலை வீட்டில் வைத்துவிடுவது அயலவரின் உணர்வுக்கு நாம் தரும் மதிப்பு.

என்ன கம்பு, என்ன இரை?

கரையோரத் திலாப்பியாவுக்கு மூங்கில் கம்பும், தங்கூசி எனப்படும் மெல்லிய நைலான் நூலும், சிறு முள்ளும், ஒரு மிதவையும் போதும். கெண்டைக்கு ரீல் பூட்டிய கம்பும் உறுதியான நூலும் வேண்டும். இரையாக மண்புழு எங்கும் பொதுவானது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை, பாண் துண்டு, அவித்த சோளமணி ஆகியவை கெண்டைக்கு நன்றாகப் பொருந்தும். அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டுவரக் கூடாது. நீர்க்காகமும் கொக்கும் அதில் சிக்கிச் சாகின்றன.

அணைக்கட்டுக்குக் கீழே உள்ள குட்டைகளில் மீன் நிறைய இருக்கிறதே, அங்கே நிற்கலாமா?

நிற்கக் கூடாது. கெனியன், லக்ஷபான, நோட்டன் பிரிட்ஜ், தலவாக்கலையில் உள்ள மேல் கொத்மலை ஆகியவை கொள்ளளவு சிறிய நீர்த்தேக்கங்கள்; பலத்த மழையில் சில மணித்தியாலங்களிலேயே நிரம்பிவிடுபவை. நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும், இரவிலும் திறக்கப்படும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மேலே நீரேந்து பகுதியில் கொட்டும் மழை உங்களுக்குத் தெரியாது. வற்றிக் கிடந்த பாறைப் படுகையில் நீர் வந்து சேரும் வேகத்தில், பாறைமேல் நிற்பவருக்குக் கரையேற நேரம் இருக்காது. எச்சரிக்கை ஒலி கேட்டால் பொருட்களை எடுக்க நிற்காமல் கரையின் மேட்டுக்கு ஏறுங்கள். ஒலி கேட்கவில்லை என்பது கதவு திறக்கப்படவில்லை என்பதற்கு உறுதி ஆகாது; ஆற்றின் இரைச்சல் அதை மூடிவிடக்கூடும்.

ஓடைகளிலும் சில அடையாளங்களைக் கவனியுங்கள். தெளிந்த நீர் திடீரெனப் பழுப்பாவது, சருகும் நுரையும் கூடுதலாக மிதந்து வருவது, நீரின் ஓசை கனப்பது ஆகியவை மேலே வெள்ளம் புறப்பட்டுவிட்டதைச் சொல்லும். ஓடை திடீரென வற்றினால் அதைவிடக் கவனம் தேவை; மேலே மண்சரிவு விழுந்து நீரை மறித்திருக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகத்தில் ஏற்படுத்திய மண்சரிவுகளுக்குப் பின், பழகிய கரை என்று எந்த இடத்தையும் நம்பி இறங்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், அது மஞ்சள் நிலையாக இருந்தாலும் சரிவோர ஓடைகளுக்குப் போவதைத் தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. அவசர அம்புலன்ஸ் சேவைக்கு 1990.

தோட்டத்துக் குளங்களில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தோட்ட நிர்வாகத்திடம். குளத்து நீர் கீழேயுள்ள தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குக் குடிநீராகப் போகிறதா என்பதையும் கேளுங்கள். போகிறதென்றால் அங்கே தூண்டில் போட வேண்டாம். விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காடு சரணாலயம் என்பதால் அங்கே வனஜீவராசிகள் சட்டம் பொருந்தும், யானைகளும் நடமாடுகின்றன. வெடி, நஞ்சு ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

குளவி, அட்டை, எலிக்காய்ச்சல் பற்றி என்ன செய்வது?

அட்டை தொல்லைதான், ஆபத்தன்று. குளவி அப்படியல்ல. தேயிலை மலையில் கொழுந்து பறிப்போர் குளவி கொட்டி உயிரிழக்கும் செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. ஓடையோரப் பெருமரங்களிலும் பாறை முகடுகளிலும் கூடு கட்டும் குளவி, காற்றுக்கும் கழுகின் தாக்குதலுக்கும் கலையும். கம்பை வீசுமுன் தலைக்கு மேலே பாருங்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு விரைவாக விலகுங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

காலில் வெட்டுக்காயத்துடன் சேற்று நீரில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சல் தொற்றலாம். இறங்கிய பின் வரும் நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் தசைவலியும் கண்கள் சிவப்பதும் தோன்றினால், நீரில் இறங்கிய விடயத்தை வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழே பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு மருந்தடித்த பின் வரும் முதல் பலத்த மழை, அந்த மருந்தை நேரே கானுக்கும் ஓடைக்கும் கழுவிவிடுகிறது. அத்தகைய ஓடையில், அதுவும் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்பதைக் கண்டால், பிடித்ததை உண்ணாதீர்கள். பெரிய நீர்த்தேக்கத்து மீனைச் சுத்தம் செய்து, நன்கு வேகவைத்து உண்பதில் தடையில்லை.

இதே காலத்தில் கடலுக்குப் போவதென்றால் எந்தப் பக்கம்?

கிழக்கே. தென்மேல் பருவக்காற்று நீர்கொழும்பு முதல் காலி வரை கடலைக் கொந்தளிக்க வைக்கும் அதே மாதங்களில், திருகோணமலை, பாசிக்குடா, கல்குடா, அறுகம்பே ஆகிய கரைகள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். பதுளையிலிருந்து பசறை, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவில் போகலாம். பாறை முனைகளில் பாரையும் சீலாவும், படகில் சற்று வெளியே சென்றால் அறக்குளாவும், மட்டக்களப்பு வாவியில் கொடுவாவும் எதிர்பார்க்கலாம். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கின் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே திறந்த கரையில் அதைப் பெரிதாகக் கணக்கிட வேண்டியதில்லை. வாவி முகத்துவாரங்களில் மட்டும் நீர் உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பாருங்கள். வறண்ட மாதங்களில் மணல்திட்டு முகத்துவாரத்தை மூடியிருக்கவும் கூடும்.

ஓர் எச்சரிக்கை அவசியம். இங்கே பருவக்காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையருகே நீர் கண்ணாடியாகத் தெரிவதற்கும், உங்கள் வீச்சு வழக்கத்தைவிடத் தூரம் போவதற்கும் அதுவே காரணம். இயந்திரம் நின்ற சிறு படகை ஆழ்கடலுக்குத் தள்ளுவதும் அதே காற்றுத்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய அறிவித்தலைக் கேட்டு, உள்ளூர் மீனவர் ஒருவருடன், உயிர்காப்பு அங்கி அணிந்தே போங்கள். அவர் இன்று வேண்டாம் என்றால், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும் கரையிலேயே நில்லுங்கள்.

கிழக்கில் பிடித்த மீனை மலைக்குக் கெடாமல் கொண்டுவருவது எப்படி?

பிடித்தவுடன் குடலையும் செவுளையும் நீக்கி, உடைத்த ஐஸ் நடுவே வையுங்கள். உருகும் நீர் வடிந்து போக வழி இருக்க வேண்டும். சூரை, அறக்குளா போன்ற மீன்களில் இது மிகவும் முக்கியம். வெயிலில் சில மணித்தியாலம் கிடந்தாலே அவற்றின் தசையில் ஹிஸ்டமின் உருவாகிவிடும்; எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவப்பதும் தலைவலியும் தடிப்பும் அதனால் வருபவை. மலைக்கு ஏறும் பாதையில் சில மணித்தியாலங்கள் போய்விடும் என்பதால், பாதி வழியில் ஐஸைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் மொனராகலையிலேயே வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.